ஆயில் என்ஜினும் மாடலும்: கோவை நண்பர்களுக்குச் செயலாளரின் ஆண்டறிக்கை

பழைய என்ஜின்களைச் சீர்செய்தும் அவற்றின் சின்ன மாடல்களைச் செய்தும் வரும் நம் சங்கத்து உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம். பொதுக்குழு அன்று வந்தவர்களைவிட வராதவர்களே அதிகம், அதனால் அறிக்கையை முழுதாக எழுதி எல்லோருக்கும் அனுப்புகிறேன்.

வழக்கமானவற்றை முதலில் சொல்லிவிடுகிறேன். ஜூலையில் கொடிசியா வேளாண் கண்காட்சிக்கு ஒரு குழு போய் வந்தது. அவினாசி ரோட்டில் இருக்கும் ஜீடி கார் மியூசியத்தைப் பார்த்தோம். ஆயுத பூஜை பட்டறையிலேயே நடந்தது. மாடல் செய்யும் தம்பிகள் ஒரு பள்ளியில் மேசை போட்டுத் தங்கள் டிராக்டர்களையும் என்ஜின்களையும் காட்டினார்கள், கூட்டம் நன்றாக இருந்தது.

இனி ஆயில் என்ஜின், அதாவது கிணற்றில் நீர் இறைக்க டீசலில் ஓடிய பழைய என்ஜின். இங்கிலாந்தில் டர்ஸ்லி என்ற ஊரில் லிஸ்டர் கம்பெனி 1930 வாக்கில் கொண்டுவந்த வகை அது, ஒற்றை சிலிண்டர், பிற்பாடு 6 குதிரைத்திறன், நிமிடத்துக்கு 650 சுற்று என்று உயர்ந்தது. நம்முடையது அந்த அச்சிலேயே ராஜ்கோட்டில் வார்த்தது. கொங்கு நாட்டில் கவலை ஓட்டி (மாடு கட்டித் தோல் பையால்) நீர் இறைத்த கிணறுகள் பலவற்றுக்கு, கரண்ட் கம்பி வந்து சேரும்வரை துணை நின்றவை இந்த மாதிரி என்ஜின்கள்தான். அப்புறம் மோட்டார் வந்தது, 1990-ல் விவசாயத்துக்கு மின்சாரம் இலவசமானது, நிலத்தடி நீரும் இறங்கிவிட்டது. மேலே உட்கார்ந்த பம்ப் ஏழெட்டு மீட்டருக்குக் கீழே இருக்கும் தண்ணீரை உறிஞ்சாது, ஆழ்துளைக் கிணற்றுக்கு சப்மெர்சிபிள்தான் வேண்டும். என்ஜின்கள் காயலான் கடைக்குப் போயின. எடை போட்டுத்தான் வாங்கினார்கள். அப்படிப் போகவிருந்த ஒன்றை நம் உறுப்பினர் ஒருவரின் தோட்டத்து மோட்டார் ரூமிலிருந்து எடுத்து வந்தோம். இதை இந்த ஆண்டு நான் முன்னின்று செய்ததற்காகச் சிலர் முணுமுணுத்தார்கள் என்பது தெரியும், செய்திருக்காவிட்டால் இன்று அது உருகிக் கம்பியாகியிருக்கும்.

பிஸ்டன் லைனரோடு (சிலிண்டரின் உட்குழாயோடு) இறுகிப் பிடித்துக்கொண்டிருந்தது. மண்ணெண்ணெயும் எண்ணெயும் கலந்து ஊற்றிப் பல வாரம் ஊறவிட்டு, மரக்கட்டை வைத்துக் கொஞ்சம் கொஞ்சமாகத் தட்டித்தான் விடுவித்தோம். டீசல் தெளிக்கும் நாசிலைக் கழற்றிச் சுத்தம் செய்தோம், ரிங் புதிது போட்டோம். ஆனால் வால்வைத் திறக்கும் ராக்கரைத் தாங்கும் பிராக்கெட் உடைந்துபோயிருந்தது, காயலான் கடைகளில் தேடியும் கிடைக்கவில்லை. இந்த இடத்தில்தான் மாடல் செய்யும் தம்பி ஒருவர் முன்வந்தார். இன்னொரு உறுப்பினர் வீட்டில் இருக்கும் என்ஜினில் வெர்னியர் வைத்து அளவெடுத்து, வார்ப்பிரும்பு ஆறும்போது சுமார் 1 சதவீதம் சுருங்கும் என்று அளவைக் கூட்டி, 3டி பிரிண்டரில் பேட்டர்ன் (வார்ப்புக்கான மாதிரி) எடுத்துக் கொடுத்தார். பவுண்டரியில் வார்த்து லேத்தில் கடைந்து மாட்டினோம், பொருந்தியது.

அதே அளவுகளை வைத்து அவர் ஆறில் ஒரு பங்கு மாடல் செய்கிறார். 114.3 மில்லிமீட்டர் போர் (சிலிண்டரின் உள்விட்டம்) அதில் சரியாக 19.05. கன அளவு 216-ல் ஒரு பங்காகிறது, ஆனால் சூடு வெளியேறும் பரப்பு 36-ல் ஒரு பங்காகத்தான் குறைகிறது. அதனால் அழுத்தத்தில் உண்டாகும் சூட்டைச் சின்ன சிலிண்டரின் சுவரே குடித்துவிடுகிறது, டீசல் தானாகப் பற்றுவது கஷ்டம். அவ்வளவு சின்னத் துளி எண்ணெயை அளந்து தெளிப்பது அதைவிடக் கஷ்டம். நம் மெக்கானிக் பெரியவரும் அவரும் இதைப் பற்றி டீ ஆறும்வரை பேசிக்கொண்டிருப்பதைக் கேட்டால், இந்தச் சங்கம் எதற்கு என்று யாருக்கும் விளங்கும். கடைசியில் பெட்ரோலும் ஸ்பார்க் பிளக்கும் என்று முடிவாகியிருக்கிறது.

தை மாதம் பெரிய என்ஜினுக்கு ஹேண்டில் போட்டோம். சிலிண்டரில் அழுத்தம் ஏறாமல் வைக்கும் டீகம்ப்ரஷன் லீவரைத் தூக்கிப் பிடித்து இரண்டு பேர் சுற்ற, பெரியவர் சத்தத்தைக் கேட்டு "விடு" என்று சொன்னதும் என்ஜின் ஓடத் தொடங்கியது. அன்றைக்குக் குடும்பத்தோடு வந்து வீடியோ எடுத்தவர்கள் பலர். சந்தோஷம். ஆனால் மண்ணெண்ணெயில் கை ஊறிய ஞாயிற்றுக்கிழமைகளில் அவர்களில் எத்தனை பேர் வந்தார்கள்? எப்போதும் அதே நாலைந்து பேர்தான். வாட்ஸ்அப்பில் நூறு செய்தி போடுகிறவர்கள் ஒரு காலைப்பொழுது வந்து ஸ்பேனர் எடுத்துக் கொடுத்தால்கூடப் போதும். ப்ளைவீலை (கனச் சக்கரத்தை) அச்சோடு இறுக்கும் கீயை உருவும் ஆப்பு செட்டை இரவல் வாங்கிப் போனவர் இன்னும் தரவில்லை. அது சங்கத்தின் பொருள், அது இல்லாமல் அடுத்த என்ஜினில் கை வைக்க முடியாது.

சந்தா விஷயத்தை மனம் நொந்துதான் எழுதுகிறேன். பாதிக்கு மேற்பட்டவர்கள் கட்டவில்லை. மாதக் கணக்கில் பார்த்தால் ஒரு வேளை டிபன் செலவு. வார்ப்புக் கூலியும் லேத் கூலியும் சிலர் கையிலிருந்து போட்டதுதான், அதை இன்னும் திருப்பிக் கொடுக்கவில்லை. மற்றபடி வரவு செலவு பெரிய வித்தியாசமில்லாமல் ஒட்டி வருகிறது, பொருளாளர் நோட்டு வைத்திருக்கிறார், பார்க்க விரும்புகிறவர்கள் பார்க்கலாம்.

இடம் கொடுத்த தோட்டத்து அண்ணனுக்கும், லேத் பட்டறைக்காரருக்கும், டீ போட்டுக் கொடுத்த அக்காவுக்கும், பொறுத்துக்கொண்ட வீட்டாருக்கும் நன்றி.

அடுத்த ஆண்டு பற்றி வெளிப்படையாகச் சொல்கிறேன். மழைக்கு முன் ஷெட்டுக்குத் தகரம் மாற்றியாக வேண்டும், இல்லாவிட்டால் என்ஜின் மறுபடியும் துருப்பிடிக்கும். பெரியவருக்கு வயதாகிவிட்டது, அவர் காதில் இருக்கும் வேலையை இரண்டு பேராவது கற்றுக்கொள்ள வேண்டும். செயலாளர் பொறுப்பை ஏற்க யாராவது முன்வந்தால் மகிழ்ச்சியாகக் கொடுப்பேன், வராவிட்டால் தொடர்கிறேன், ஆனால் தனியாக இழுக்க முடியாது. சந்தா பாக்கியை ஆடிக்குள் பொருளாளரிடம் கொடுத்துவிடுங்கள், ஆப்பு செட்டை ஷெட்டில் வைத்துவிட்டுப் போனால் போதும், யார் என்று கேட்க மாட்டேன். ஞாயிறு காலை எட்டு மணிக்கு ஷெட் திறந்திருக்கும், பழைய துணி உடுத்தி வாருங்கள்.

இப்படிக்கு,
செயலாளர்