இரவோடிரவாக மலையிறக்கியவர்களுக்கு நன்றி

உயர்மலைப் பயணத்தில் மூளை வீக்கத்துக்கு ஆளான என் அண்ணன் நலம்பெற்று வீடு திரும்பியிருக்கும் இவ்வேளையில், அவரைக் காத்தவர்களுக்கு எங்கள் குடும்பத்தின் சார்பில் நன்றி தெரிவித்துக்கொள்கிறேன்.

முதல் நன்றி வழிகாட்டிக்கு உரியது. 3,000 மீட்டரைத் தாண்டியபின், தங்கும் உயரம் ஓர் இரவுக்கு 500 மீட்டருக்கு மேல் கூடாதபடி பயணத்தை வகுத்தவர் அவர். அப்படியிருந்தும் நோய் வந்தது. உடல்வலிமை மிக்கவர்களையும் இது விட்டுவைப்பதில்லை. தலைவலியையும் வாந்தியையும் வெறும் களைப்பென்று அண்ணன் சொல்லிச் சமாளித்தபோது, குதிகாலும் விரல்நுனியும் ஒட்டும்படி நேர்கோட்டில் அடிமேல் அடிவைத்து நடக்குமாறு வழிகாட்டி அவரைப் பணித்தார். சில அடிகளிலேயே அவர் தடுமாறிச் சாய்ந்ததும், விடியும்வரை பொறுக்கலாம் என்ற பேச்சுக்கே இடமின்றிப் போயிற்று. அத்தடுமாற்றம் மூளை வீங்குவதன் அறிகுறி என்பதையும், தாமதித்தால் சில மணி நேரத்திலேயே நினைவு தப்பி உயிருக்கே ஆபத்தாகலாம் என்பதையும், அண்ணன் காதில் விழாதவாறு அவர் எங்களுக்கு விளக்கினார்.

அருகில் தங்கியிருந்த குழுவினர், நாங்கள் கேட்குமுன்பே தங்கள் அழுத்தப் பையைக் கொண்டுவந்தார்கள். நோயாளியை உள்ளே படுக்கவைத்துக் காற்றடைத்தால், ஏறத்தாழ 1,500 மீட்டரோ அதற்கு மேலோ கீழிறங்கியதற்கு ஒப்பான அழுத்தம் உள்ளே உண்டாகும். ஆனால் அவர் வெளிவிடும் கரியமில வாயு தேங்காதிருக்க, பம்பை இடைவிடாமல் மிதிக்க வேண்டும். அக்குளிரில் முறைவைத்து மிதித்த கால்களுக்கு நாங்கள் கடன்பட்டிருக்கிறோம். அக்குழுவின் மருத்துவர் மூளை வீக்கத்தைத் தணிக்கும் டெக்ஸாமெத்தசோன் மருந்தை முதலில் 8 மில்லிகிராமும், பின்னர் ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை 4 மில்லிகிராமும் கொடுத்தார். பையும் மருந்தும் இறங்குவதற்கு அவகாசம் தருமேயன்றி, இறங்குவதற்கு ஈடாகா என்பதில் அவர் உறுதியாக இருந்தார்.

இருட்டில் அண்ணனை முதுகில் மாற்றி மாற்றிச் சுமந்து இறக்கிய சுமைதூக்கும் தோழர்களுக்கு எப்படி நன்றி சொல்வதென்று தெரியவில்லை. அவர்களை இந்நோய் அண்டாது என்ற எண்ணம் பலருக்கு உண்டு, அது தவறு. தாழ்நிலத்திலிருந்து வேலைக்கு வருபவர்களும் அவர்களுள் இருக்கிறார்கள். தலைவலி உண்டா என்று அவர்களிடமும் அன்றாடம் கேட்கும் எங்கள் வழிகாட்டியின் வழக்கம் எல்லாக் குழுக்களிலும் இருக்க வேண்டும்.

சிகரத்தை விட்டு எங்களோடு திரும்பிய நண்பர்களுக்கும் நன்றி. மீண்டும் ஏறலாமா என்று படுக்கையிலிருந்தே கேட்ட அண்ணனிடம் எரிச்சல்படாமல், இனி இன்னும் மெதுவாக ஏற வேண்டும், உயர்மலை நோயைத் தடுக்க உதவும் அசிட்டசோலமைடு மருந்தை முன்கூட்டியே தொடங்க வேண்டும் என்று பொறுமையாக விளக்கிய மருத்துவமனை மருத்துவருக்கும் நன்றி. அவ்விளக்கத்தில் எங்கள் அம்மாவுக்கு மட்டும் இன்னும் உடன்பாடில்லை.

நன்றியுடன்,
அவருடைய தங்கை