டி90-ஐக் கொடுத்துவிடாதே

அன்புள்ள மீனா,

கடிதம் கிடைத்தது. தோள்வலிக்கு மருந்து, கேமராவுக்கு ஓய்வு என்று ஒரே மூச்சில் முடிவெடுத்துவிட்டாய் போலிருக்கிறது. தோளைப் பற்றி நான் ஒன்றும் சொல்வதற்கில்லை, அது டாக்டர் பாடு. ஆனால் உன் பெரிய கேமரா டி90-ஐக் கொழுந்தன் மகனிடம் கொடுத்துவிட்டு, என்னுடையதைப் போல ஒரு சின்ன கேமரா வாங்கிக்கொள்ளலாமா என்று கேட்டிருக்கிறாயே, அதற்குச் சட்டென்று பதில் சொல்ல மனம் வரவில்லை. உடனே பதில் வேண்டுமென்றால் இதுதான்: சின்னதை வாங்கு, பெரியதைக் கொடுக்காதே. ஏன் என்று தெரிய வேண்டுமென்றால் சாவகாசமாக உட்கார்ந்து மேலே படி.

முதலில் வீட்டுச் செய்தி. அம்மாவுக்கு இரண்டு கண்ணிலும் கண்புரை ஆபரேஷன் முடிந்துவிட்டது, நன்றாக இருக்கிறார். பார்வை தெளிந்ததும் பார்த்த முதல் வேலை, நான் எடுத்த தன்னுடைய படங்களையெல்லாம் வரவழைத்துப் பார்த்து, முகத்தில் இவ்வளவு சுருக்கம் விழுந்திருக்கிறதே, ஒருத்தராவது சொன்னீர்களா என்று எல்லாரிடமும் சண்டை போட்டதுதான். பெரியவன் வேலை மாறிப் போகும்போது என் டிரைபாடையும் தூக்கிக்கொண்டு போய்விட்டான். கேட்டால், "நீதான் கையிலேயே பிடிச்சு எடுப்பியேம்மா" என்கிறான். மற்றபடி எல்லாரும் சௌக்கியம்.

சரி, கேமராவுக்கு வருகிறேன். உன்னிடமும் என்னிடமும் இருப்பது ஒரே நிக்கான் டி90. 2008 ஆகஸ்டில் அறிவித்த மாடல், 12.3 மெகாபிக்சல், வீடியோ எடுக்கக்கூடிய முதல் டிஎஸ்எல்ஆர் (உள்ளே கண்ணாடி வைத்த, லென்ஸ் மாற்றும் வகை) என்று அப்போது அத்தனை பேச்சு. இப்போது நான் கைப்பையில் போட்டுக்கொண்டு திரிவது சோனி ஆர்எக்ஸ்100 மார்க் 7, 2019-இல் வந்தது, 20.1 மெகாபிக்சல். இந்த 12-ஐயும் 20-ஐயும் பார்த்து நீ மயங்கியிருப்பது உன் எழுத்திலேயே தெரிகிறது. படத்தின் அகலத்தை வைத்துக் கணக்குப் போட்டுப் பார்: அதில் 4288 பிக்சல், இதில் 5472. கால் பங்குக்குக் கொஞ்சம் மேலே கூடுதல், அவ்வளவுதான். டி90 படத்தை அங்குலத்துக்கு 300 புள்ளி என்று அச்சடித்தாலே 14 அங்குல அகலத்துக்கு வரும், அதைவிடப் பெரிதாக நாம் எந்தப் படத்தைச் சுவரில் மாட்டிவிட்டோம்?

பார்க்க வேண்டியது படம் பதிகிற சென்சாரின் அளவை. டி90-இல் இருப்பது 23.6-க்கு 15.8 மில்லிமீட்டர். சின்னதில் இருப்பதை 1 அங்குல சென்சார் என்கிறார்கள், ஸ்கேல் வைத்து அளந்தால் 13.2-க்கு 8.8 தான். பரப்பில் பார்த்தால் மூன்றில் ஒரு பங்குகூடத் தேறாது. அப்படியானால் பெரியதுதான் ஜெயித்தது என்று தோன்றும், ஆனால் லென்ஸைச் சேர்க்காமல் தீர்ப்பு எழுதக் கூடாது. நீ எப்போதும் மாட்டி வைத்திருப்பது அந்த 18-105 எம்எம் ஜூம் லென்ஸ். அதன் அப்பர்ச்சர், அதாவது ஒளி நுழையும் திறப்பு, எஃப் 3.5-இல் தொடங்கி ஜூம் செய்யச் செய்ய 5.6 வரை சுருங்கிவிடும், எண் கூடக் கூடத் திறப்பு சிறிது. சின்னதின் லென்ஸ் 2.8-இல் தொடங்கி 4.5-இல் நிற்கிறது. ஆக, இரண்டு முனையிலும் அது கூடுதல் ஒளியை உள்ளே விடுகிறது. அதற்கு மேல் சென்சாரே 11 வருடம் புதியது, ஒளியை வாங்கும் பக்கத்தில் கம்பிகள் குறுக்கே வராதபடி பின்புறம் திருப்பி அமைத்தது, விழுகிற ஒளியை அவ்வளவாக வீணாக்காது. இதையெல்லாம் கூட்டிக் கழித்தால், உன் 18-105-ஐ மாட்டிய டி90-க்கும் என் சின்ன கேமராவுக்கும் படத்தின் தரத்தில் பெரிய வித்தியாசம் இல்லை. பகல் வெளிச்சத்தில் எடுத்த படங்களைக் கலந்து வைத்துவிட்டு எது எதில் எடுத்தது என்று கேட்டால் எனக்கே குழப்பம்தான்.

எட்டும் தூரத்திலும் சின்னதுதான் முன்னால் நிற்கிறது. பழைய ஃபிலிம் கேமராவின் மில்லிமீட்டர் கணக்கில் (எண் கூடினால் தூரம் எட்டும்) உன் ஜூம் 27-இலிருந்து 157 வரை, இது 24-இலிருந்து 200 வரை. எடை? டி90 பேட்டரியோடு 700 கிராம், அந்த லென்ஸ் 420. சின்னது பேட்டரி, கார்டு எல்லாம் சேர்த்து 302 கிராம். உன் தோளுக்கு இந்த ஒரு வரி போதும்.

இப்போது 18-105-ஐக் கழற்று. அலமாரியில் சும்மா கிடக்கிறதே அந்த 35 எம்எம் எஃப் 1.8, 200 கிராம்தான் இருக்கும், அதை மாட்டு. கணக்கு அப்படியே தலைகீழாகிறது.

சாயங்காலம் விளக்கு போடலாமா வேண்டாமா என்று இருக்கிற நேரத்தில், ஜன்னல் பக்கமாக உட்கார்ந்து சின்னவள் படம் வரைந்துகொண்டிருந்தாள். என் 35-ஐ முழுதாகத் திறந்து, எஃப் 1.8-இல், அவளுடைய இந்தப் பக்கத்துக் கண்ணில் ஃபோகஸ் வைத்து எடுத்தேன். இமை முடி ஒவ்வொன்றாக எண்ணலாம், காது வருவதற்குள்ளேயே மங்கத் தொடங்கிவிட்டது, பின்னால் இருந்த அலமாரியும் துணிக்குவியலும் வெறும் நிறமாகக் கரைந்துவிட்டன. ஒளிக்கு சென்சார் எவ்வளவு கூர்மை என்று சொல்லும் ஐஎஸ்ஓ எண் 800. அதே இடத்தில் நின்று சின்னதை எடுத்து, அதே அளவு முகம் வரும்படி ஜூம் செய்தால் அப்பர்ச்சர் எஃப் 4-ஐ நெருங்கிவிடுகிறது. 1.8-க்கும் 4-க்கும் நடுவில் ஒளி கிட்டத்தட்ட ஐந்தில் ஒரு பங்காகக் குறைகிறது, அதுவும் விழுவது மூன்றில் ஒரு பங்கு சென்சாரில். ஐஎஸ்ஓ 4000 பக்கம் ஏறியது. கன்னத்தில் பொடி தூவினாற்போலப் புள்ளிகள், அதை மென்பொருள் துடைத்துத் துடைத்து மெழுகு பொம்மை மாதிரி ஆக்கிவிட்டது. பின்னால் அலமாரி, துணிக்குவியல், மேலே தொங்கிய கொடியோடு எல்லாம் பளிச்சென்று தெரிகிறது! மோசமான படம் என்று சொல்ல மாட்டேன், என்ன, வீட்டின் நிலைமை ஊருக்கே தெரியும்.

நான் சொல்ல வருவது இதுதான் மீனா: சின்ன கேமரா டி90-ஐ வேலையைவிட்டு அனுப்பவில்லை, உன் ஜூம் லென்ஸைத்தான் அனுப்புகிறது. 18-105-ஐ இனி நீ தூக்க வேண்டிய அவசியமே இல்லை. கொழுந்தன் மகனிடம் ஏற்கெனவே ஒரு நிக்கான் பாடி (லென்ஸ் இல்லாத கேமரா) இருக்கிறது என்றாயே, அவனுக்கு அந்த லென்ஸைக் கொடு, சந்தோஷப்படுவான். பாடியும் 35-ம் உன்னிடமே இருக்கட்டும்.

ஃபோகஸ் விஷயத்தில் மட்டும் புதியதைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. டி90-இல் 11 ஃபோகஸ் புள்ளி, அதில் குறுக்கும் நெடுக்குமாகப் பார்ப்பது நடுவில் உள்ள ஒன்றே ஒன்று. அதனால்தான் நாம் நடுப்புள்ளியில் கண்ணைப் பிடித்து, பட்டனைப் பாதி அழுத்தியபடி சட்டத்தை நகர்த்தி எடுக்கப் பழகினோம். எஃப் 1.8-இல் அந்த நகர்த்தலிலேயே ஃபோகஸ் மூக்குக்கோ காதுக்கோ போய்விடும், அதுவும் குழந்தை அசையாமல் இருந்தால்தான் இந்தப் பேச்சே. தவிர, டிஎஸ்எல்ஆரில் ஃபோகஸ் பார்ப்பது கண்ணாடிக்குக் கீழே இருக்கும் வேறொரு சென்சார். அதற்கும் படம் பதிகிற சென்சாருக்கும் மயிரிழை ஒத்துப்போகாவிட்டால் ஃபோகஸ் எப்போதும் கொஞ்சம் முன்னாலோ பின்னாலோ விழும், டி90-இல் அதை நாமே திருத்திக்கொள்ள மெனுவிலும் வழியில்லை. சின்னதில் படம் பதிகிற சென்சாரே ஃபோகஸும் பார்க்கிறது, 357 புள்ளிகள், சட்டத்தின் பெரும்பகுதியில் எங்கே இருந்தாலும் கண்ணைத் தேடிப் பிடித்து விடாமல் தொடர்கிறது. நாய் பூனையின் கண்ணையும் பிடிக்கும். ஊஞ்சலில் ஆடுகிற பிள்ளையை டி90-இல் எடுத்து ஒன்று தேறினால் பெரிது. இது வினாடிக்கு 20 படம் எடுக்கிறது, அப்புறம் அத்தனையிலிருந்து ஒன்றைத் தேர்ந்தெடுப்பதற்குள் ராத்திரி ஆகிவிடுகிறது, அது வேறு கதை.

ஆனால் கையில் பிடிக்கும்போது நிலைமையே வேறு. டி90-இல் கட்டை விரலுக்கு ஒரு டயல், ஆள்காட்டி விரலுக்கு ஒரு டயல், இடது கைப் பக்கம் ஐஎஸ்ஓவுக்கும், விளக்குக்கு ஏற்ப நிறத்தைச் சரிசெய்யும் வெள்ளைச் சமநிலைக்கும் தனித்தனி பட்டன். கண்ணை எடுக்காமலே எல்லாவற்றையும் மாற்றலாம், சுவிட்சைத் திருப்பிய கணமே தயார். இந்த மாதிரிச் சின்ன கேமராக்களில் லென்ஸ் உள்ளிருந்து நீண்டு வரும் வரை காத்திருக்க வேண்டும், பிடிப்பதற்கு இடமே கிடையாது, பலவற்றை மாற்ற மெனுவுக்குள் போக வேண்டும். உச்சி வெயிலில் பின்பக்கத் திரை ஒன்றும் தெரியாது. கண் வைத்துப் பார்க்க, மேலே எழும்பி வரும் மின்னணு வியூஃபைண்டர் இருக்கிறதுதான், மூக்குக்கண்ணாடி போட்டவர்களுக்கு அதில் மூலைகள் தெரியாது. டி90-இன் வியூஃபைண்டரோ வெறும் ஒளி, எதிரே நடப்பது நடந்தபடியே தெரியும், தாமதம் இல்லை, பேட்டரி செலவும் இல்லை. அதனால்தான் ஒரு சார்ஜில் அது 850 படம், இது திரையைப் பார்த்து எடுத்தால் 260 என்று கம்பெனிக் கணக்கே சொல்கிறது. இன்னொரு பேட்டரி இல்லாமல் வாங்காதே. இதற்கு எதிர்ப்பக்கமும் ஒன்று உண்டு: மின்னணு வியூஃபைண்டரில் படம் வெளுக்குமா கறுக்குமா என்பது எடுப்பதற்கு முன்பே தெரிந்துவிடும். டி90-இல் எடுத்துவிட்டு, திரையைப் பார்த்துவிட்டு, ஐயோ என்று சொல்லிவிட்டு, இன்னொன்று எடுக்க வேண்டும்.

சத்தத்தைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். டி90-இன் கண்ணாடி மேலே அடித்து இறங்கும் அந்த டக் சத்தம் எனக்கு ரொம்பப் பிடிக்கும், தூங்கும் குழந்தைக்குப் பிடிக்காது. சின்னதில் மின்னணு ஷட்டர் வைத்தால் துளி ஓசை இல்லை. ஒரே எச்சரிக்கை: எல்இடி விளக்குகளுக்குக் கீழே அப்படி எடுத்தால் சில சமயம் படத்தில் கறுப்புப் பட்டைகள் விழும். அந்த இடங்களில் மெக்கானிக்கல் ஷட்டருக்கு மாற்றிவிடு. அப்புறம் தூசி. டிஎஸ்எல்ஆரின் சென்சாரில் தூசி விழுந்தால் ஊதுகுழலால் ஊதிவிடலாம். நீண்டு சுருங்கும் லென்ஸுக்குள் தூசி புகுந்தால் நாம் ஒன்றும் செய்ய முடியாது, பிரித்துத்தான் ஆக வேண்டும். அதனால் மணலில், காற்றில் எடுத்துக்கொண்டு அலையாதே, கைப்பையிலும் சும்மா போடாமல் ஒரு துணிப்பைக்குள் வை.

வீடியோவைப் பற்றிப் பேசவே வேண்டாம். டி90-இல் 720பி, ஒரு தடவைக்கு 5 நிமிடம், ஓடும்போது ஃபோகஸ் தானாக மாறாது. சின்னதில் 4கே. முடிந்தது கதை.

பழைய கேமராவின் நிறமே தனி, புதியதில் அது வராது என்று உன் தங்கை சொல்வதாக எழுதியிருந்தாய். எனக்கு அதில் பாதிதான் நம்பிக்கை. கேமரா தயாரித்துக் கொடுக்கும் ஜேபெக்கில் வித்தியாசம் இருக்கிறது, மறுக்கவில்லை, டி90-இன் தோல் நிறம் எனக்கும் பிடிக்கும். கேமரா பதப்படுத்தாத ரா ஃபைலாக எடுத்து வெள்ளைச் சமநிலையைச் சரிசெய்துவிட்டால் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் கொண்டுவந்துவிடலாம். அவள் பார்ப்பது நிறத்தை அல்ல, 35 எம்எம் லென்ஸ் பின்னணியைக் கரைத்துக் கொடுத்த அழகைத்தான் என்று என் சந்தேகம், அவளிடம் சொல்லாதே. செல்போன் இருக்கும்போது இரண்டும் எதற்கு என்று உன் வீட்டுக்காரர் கேட்பார், கேட்டால் இருட்டில் தூரத்தில் இருப்பதை ஜூம் செய்து ஒரு படம் எடுத்துக் காட்டச் சொல்.

பெரியதை அலமாரிக்குள் வைக்கும் முன் பேட்டரியைக் கழற்றிவிடு. தோல் உறைக்குள் வைக்காதே, ஈரம் பிடித்து லென்ஸில் பூஞ்சை வரும். மூடி இறுக்கமான டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு வை, அவ்வப்போது வெளியே எடுத்து நாலு படம் எடு. அதன் ஷட்டரை 1 லட்சம் தடவைக்குச் சோதித்திருக்கிறார்கள், நீ எடுத்த அளவுக்கு அது இன்னும் இளமையாகத்தான் இருக்கும்.

சின்னதை வாங்கினால் முதல் வாரம் எதையும் மாற்றாமல், ஆட்டோவிலேயே எடுத்துப் பார். மெனுவைப் பார்த்துத் தலை சுற்றினால் எழுது, நான் வைத்திருக்கும் செட்டிங்கை அப்படியே எழுதி அனுப்புகிறேன். உன் மகளின் நேர்முகத் தேர்வு என்ன ஆயிற்று? இரண்டு கடிதத்திலும் கேட்டுவிட்டேன், கேமராவைப் பற்றி நாலு பக்கம் எழுதிய நீ அதற்கு ஒரு வரி பதில் போடவில்லை. அடுத்ததில் அதை முதலில் எழுது.

அன்புடன்,
கௌரி