மேசையை மாற்றாதே, பந்தை மாற்று

லெஸ்டர், இங்கிலாந்து
நவம்பர் 18

அன்புள்ள மாமாவுக்கு,

இங்கு நலம். நீங்கள், அத்தை, பிள்ளைகள் நலமறிய ஆவல். "ஒரு ஆட்ட மேசையை அறுத்து இன்னொரு ஆட்ட மேசை ஆக்கவா அவ்வளவு தூரம் போனே?" என்று கேட்டிருந்தீர்கள். அறுக்காமல் முடிப்பதுதான் மாமா இந்த வேலையில் சாமர்த்தியம். குன்னூர்க்காரர் தன் பழைய 9 அடி ஸ்னூக்கர் மேசையை பூல் டேபிள் ஆக்கித் தரமுடியுமா என்று உங்களிடம் கேட்டதாகவும் எழுதியிருக்கிறீர்கள் (இரண்டுமே மேசைமேல் பந்தைக் கோலால் அடித்துக் குழியில் தள்ளும் ஆட்டங்கள்தான்). அதற்கும் சேர்த்தே இந்தக் கடிதம்.

முதலில் இந்த ஊர் சங்கதி. முழு அளவு ஸ்னூக்கர் மேசை 12 அடிக்கு 6 அடி. சுற்றி நின்று கியூவை (பந்தை அடிக்கும் கோலை) வீச 22 அடிக்கு 16 அடி அறை வேண்டும். இங்கே வீடுகள் ஒன்றையொன்று ஒட்டி வரிசையாக நிற்பவை. அவ்வளவு பெரிய அறை அபூர்வம். பழைய கிளப் ஒன்று மூடினால் மேசையைச் சும்மா கொடுத்துவிடுவார்கள், எடுத்துப்போக ஆள் கிடைத்தால் போதும். சும்மா கிடைக்கிறதே என்று போனால் கல் காத்திருக்கும். துணிக்கு அடியில் ஐந்து சிலேட் பலகைகள், ஒவ்வொன்றும் 150 கிலோவுக்கு மேல். மேசை இலவசம், கூலிதான் மேசை விலை.

அதை பூல் டேபிள் ஆக்கச் சொன்னால் நான் வேண்டாம் என்றே சொல்வேன். 12 அடி மேசையின் ஆடுதளம் சுமார் 140½ அங்குலத்துக்கு 70. அமெரிக்க 9 அடி மேசைக்கு 100க்கு 50. நீளம் மட்டும் குறைந்தால் போதாது. அகலமும் குறைய வேண்டுமே! ஐந்து கல்லையும் அறுத்து, ஆறு குழியையும் புதிதாக வெட்டி, குஷன் மரத்தையும் (மேசையைச் சுற்றி ரப்பர் ஒட்டிய ஓரச் சட்டம்) குறுக்கவேண்டும். அந்தக் காசுக்குப் புதிய மேசையே வாங்கலாம். மாற்ற ஏற்றவை 7, 8, 9 அடி மேசைகள்தான்.

எந்த மேசையானாலும் பந்துதான் எல்லாவற்றையும் முடிவு செய்கிறது. ஸ்னூக்கர் பந்து 52.5 மி.மீ. அமெரிக்க பூல் பந்து 57.2. இங்கே பப்களில் ஆடும் எட்டுப்பந்து என்ற பூல் ஆட்டத்தின் பந்து 2 அங்குலம், அதாவது 51 மி.மீ. குஷனின் மூக்கு (பந்து வந்து மோதும் ரப்பர் விளிம்பு) பந்தின் விட்டத்தில் ஏறத்தாழ 63.5 சதவீத உயரத்தில் இருக்கவேண்டும். ஸ்னூக்கர் பந்துக்கு அது சுமார் 33 மி.மீ., அமெரிக்கப் பந்துக்கு 36.3. வித்தியாசம் நம் கணக்கில் ஒரே ஒரு நூல், அதாவது அரைக்கால் அங்குலம். அந்த ஒரு நூல்தான் ஆட்டத்தைக் கெடுக்கும். மூக்கு தாழ்ந்திருந்தால் வேகமாக மோதும் பந்து எம்பிக் குதிக்கும். உயர்ந்திருந்தால் பந்தைக் கீழே அமுக்கும், திரும்பி வரும் வேகம் செத்துப்போகும்.

ஆகவே 7 அடி ஸ்னூக்கர் மேசை வந்தால் 2 அங்குலப் பந்துக்கே மாற்றுகிறோம். மேசையில் எதையும் அறுக்க வேண்டியதில்லை. பந்து வாங்கும்போது மட்டும் கவனம்: பப் செட்டில் வெள்ளைப் பந்து 1⅞ அங்குலம்தான் இருக்கும். காசு போட்டு ஆடும் மேசையின் உள்ளே வெள்ளையைப் பிரித்துத் திருப்பி அனுப்ப அந்தச் சின்ன அளவு. வீட்டு மேசைக்கு அது தேவையே இல்லை. வெள்ளையும் 2 அங்குலமாக உள்ள செட்டை வாங்கவேண்டும். இல்லாவிட்டால் எல்லாப் பந்தும் சரியாகத் திரும்பும், வெள்ளை மட்டும் மந்தமாக வரும்.

புள்ளிகளின் இடமும் மாறும். 72 அங்குல ஆடுதளத்தில், ஆட்டம் தொடங்கும் கோடு ஒரு முனையிலிருந்து ஐந்தில் ஒரு பங்கு, 14.4 அங்குலம். கறுப்புப் பந்தின் புள்ளி எதிர்முனையிலிருந்து கால் பங்கு, 18 அங்குலம். அந்த முனையின் இரண்டு மூலைக் குழியிலிருந்தும் எதிர்ப்பக்க நடுக்குழிக்குக் கயிறு பிடித்தால் அவை வெட்டும் இடம் அதுதான். அளவுகோலைவிடக் கயிற்றை நம்பலாம்.

குன்னூர்க்காரர் கேட்பது பெரிய அமெரிக்கப் பந்து என்றால் இரண்டு வழி. முதல் வழி, குழி வாயை அகலமாக்குவது. ஸ்னூக்கர் மூலைக் குழி 89 மி.மீ. வாக்கில், உதடு வளைந்திருக்கும். அமெரிக்க மூலைக் குழி 114 முதல் 117, உதடு நேராக வெட்டி 142 பாகையில் நிற்கும். 89ஐ 115 ஆக்க 26 மி.மீ. வேண்டும். மூலையில் வாய் குறுக்காகப் போவதால் இரண்டு குஷன் முனையிலும் 13 வெட்டினால் போதாது, ஒவ்வொன்றிலும் 18 மி.மீ. வெட்டவேண்டும் (26ஐ 1.414ஆல் வகுத்துப் பாருங்கள்). நடுக்குழிக்கு மட்டும் பாதிக்குப் பாதி. வெட்டிய முனையில் கெட்டி ரப்பர் தகடு ஒட்டவேண்டும். இத்தனைக்குப் பிறகும் பித்தளை வளையமும் தோல் பையும் பழைய அளவிலேயே நிற்கும். அகன்ற வாயில் நுழைந்த பந்து வளையத்தில் இடித்து வெளியே வரும். அவற்றையும் மாற்றினால்தான் வேலை முடியும்.

அமெரிக்கக் குஷனையே வாங்கி மாட்டலாமே என்று தோன்றும். மாட்ட முடியாது. பிரிட்டிஷ் மேசையில் குஷன் போல்ட் பக்கவாட்டில் கல்லின் விளிம்புக்குள் போகிறது. அமெரிக்க மேசையில் கல்லுக்கு அடியிலிருந்து மேலே ஏறுகிறது.

இரண்டாம் வழிதான் எனக்குப் பிடித்தது. குழியைத் தொடாமல், குஷனை மட்டும் ஒரு நூல் தூக்குவது. வளைந்த உதடு, சின்னக் குழி, 57.2 பந்து. சீனாவில் இதே சேர்க்கையை 9 அடி மேசையில் தனி ஆட்டமாகவே ஆடுகிறார்கள். குழி கஞ்சத்தனமாக இருக்கும், ஆடுபவர் திட்டுவார், ஆனால் ஆட்டம் நேர்மையாக இருக்கும். போல்ட் கல்லில் நிலையாக இருப்பதால், குஷன் மரத்தில் உள்ள துளையைக் கீழ்ப்பக்கமாக 3 மி.மீ. நீட்டவேண்டும், மேல்பக்கம் அல்ல. நீட்டியபின் மேலே மிஞ்சும் இடைவெளியில் கெட்டி மரச்சக்கை வைத்து ஒட்டாவிட்டால் நாலு நாளில் குஷன் பழையபடி இறங்கிவிடும். மரத்துக்குப் பின்னால் இரும்புப் பட்டை இருக்கிற மேசை என்றால் இது லேத் பட்டறை வேலை, அப்போது அவரை 2 அங்குலப் பந்துக்கே சம்மதிக்க வையுங்கள். மெல்லிய முனை ஸ்னூக்கர் கியூவால் பெரிய பந்துக் குவியலை முதல் அடியில் சிதறடிக்கக் கூடாது என்றும் சொல்லுங்கள். அந்தக் கனம் தாங்காமல் முனை பிளக்கும்.

பிரிக்கும்போது கல், குஷன், கால் எல்லாவற்றிலும் சாக்பீஸால் எண் போடுங்கள். திரும்பப் பூட்டும்போது முதலில் சட்டத்தை ரசமட்டம் பார்த்து, பிறகுதான் கல். இணைப்பில் ஒரு கல் தாழ்ந்திருந்தால் அடியில் சீட்டுக்கட்டின் சீட்டு ஒன்று கொடுத்தால் போதும். இணைப்பின் மேல் சவரப் பிளேடை ஓட்டுங்கள், தட்டக் கூடாது. பிறகு தேன்மெழுகை உருக்கி ஊற்றி, ஆறியதும் சீவிவிடலாம். கால் மரத்தரையில் நின்றால் ஒரு வாரம் கழித்து மறுபடி மட்டம் பார்க்கவேண்டும். இதைச் செய்யாததால்தான் இங்கே பாதிப் புகார்கள் வருகின்றன.

ரப்பரைத் தட்டிப் பாருங்கள். "டொப்" என்றால் கெட்டுவிட்டது. புது ரப்பர் ஒட்டும்போது இழுக்காதீர்கள். இழுத்து ஒட்டிய ரப்பர் மெல்லச் சுருங்கி, குழிப்பக்க முனையை விட்டு வந்துவிடும்.

ஸ்னூக்கர் துணிக்கு மயிர் உண்டு. தொடக்கக் கோட்டுப் பக்கமிருந்து மறுமுனைக்கு உள்ளங்கையால் தடவினால் வழவழக்கும், திருப்பித் தடவினால் முரண்டும். மெதுவாகப் போகும் பந்தை அந்த மயிர் தன் பக்கம் சாய்க்கும். 2 அங்குல ஆட்டத்துக்கு அதே துணி பரவாயில்லை. அமெரிக்கப் பந்துக்கு மயிரில்லாத கம்பளித் துணிதான். துணியை முதலில் நீளவாக்கில் இழுத்து இரு முனையையும் பிடித்துக்கொண்டு, பிறகு நடுக்குழியிலிருந்து பக்கங்களுக்குப் போங்கள். குழியருகே ஐந்தாறு வெட்டு கொடுத்து மடிப்பில்லாமல் கீழே இழுக்கவேண்டும். வெட்டு விளிம்பைத் தாண்டி மேலே வந்தால் அந்தத் துணி அவ்வளவுதான்.

இங்கே பலர் மேசையைக் கார் ஷெட்டில் போடுகிறார்கள். குளிர்காலத்தில் கல் சில்லிட்டு, ஈரம் துணியில் இறங்கி, துணி தொளதொளத்துவிடும். கல்லுக்குப் பதில் மரத்தூள் பலகை போட்ட மலிவு மேசை என்றால் நடுவில் தொய்ந்தே போகும். குன்னூர் மூடுபனியும் இதற்குக் குறைந்ததல்லவே! மேசை இருக்கும் அறையில் ஓதம் ஏறுகிறதா என்று பாருங்கள். ஊட்டி கிளப்பில் 1882 வாக்கில் ஸ்னூக்கர் விதிகளை எழுதி மாட்டினார்கள் என்பார்கள். அந்த மலையில் பழைய மேசைகள் இன்னும் கிடக்கக் கூடும். இது நன்றாக வந்தால் அடுத்ததும் உங்களிடம்தான் வரும். இரண்டு ஆட்டமும் ஒரே கைக்கு வராது என்று அவர் சொன்னால், இந்த லெஸ்டர்க்காரர் மார்க் செல்பியைச் சொல்லுங்கள்: 2006இல் எட்டுப்பந்தில் உலகப் பட்டம், பிறகு ஸ்னூக்கரில் நான்கு முறை.

விலை பேசுவதற்கு முன் நான்கு அளவு எடுத்து அனுப்புங்கள்: ஆடுதளத்தின் நீளம் அகலம் (மூக்கிலிருந்து மூக்குக்கு), கல்லிலிருந்து மூக்கின் உயரம், மூலைக் குழி வாய், கல்லின் கனம். குஷன் மரத்துக்குப் பின்னால் இரும்பு இருக்கிறதா என்று ஒரு காந்தம் வைத்துப் பாருங்கள். முன்பணம் அதற்குப் பிறகு வாங்கினால் போதும்.

அத்தைக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள்.

அன்புடன்,
உங்கள் மருமகன்