மெஷினை நிறுத்திய அந்த அம்மாவுக்கு

நேற்று அப்பா ஊரில் ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்துவிட்டார். அதை எழுதும்போதே கண் கலங்குகிறது.

அவர் ஆஸ்பத்திரியில் இருந்த அந்தப் பதினொரு நாளும் உங்களுக்கே தெரியும், மறுபடி சொல்லப் போவதில்லை. சோறு கொண்டுவந்து வைத்தவர்கள், எனக்குப் பதிலாக வகுப்பெடுத்தவர்கள், ஊரில் ரத்தம் கொடுக்க ஓடியவர்கள், தேர்வைத் தள்ளிவைத்த ஆசிரியர், எல்லோருக்கும் நன்றி. ஒவ்வொருவரையும் நேரில் வந்து பார்க்கிறேன்.

ஒருவரைப் பற்றி மட்டும் இங்கே சொல்லியாக வேண்டும்.

இங்கே அமெரிக்காவில், பிட்ஸ்பர்கில் இருப்பவர்களுக்குக் 'கேத்தி'யைத் தெரியும். கதீட்ரல் ஆஃப் லேர்னிங், பல்கலைக்கழக வளாகத்தில் நிற்கும் 42 மாடிக் கட்டடம். அதன் காமன்ஸ் ரூமில், நான்கு மாடி உயரத்துக்குக் கல் வளைவுகள் எழும்பி நிற்கும் அந்தக் கூடத்தின் ஒரு மூலையில் உட்கார்ந்துதான் தினமும் அண்ணனுக்குப் போன் போடுவேன். இங்கே இரவு 10.30 என்றால் ஊரில் காலை 8 மணி, டாக்டர் வந்து பார்த்துவிட்டுப் போகும் நேரம். கூரையில் ஒலியை உறிஞ்சும் ஓடுகள் பதித்திருப்பதால் அவ்வளவு பெரிய இடத்திலும் மெதுவாகப் பேசலாம்.

முதல் நாள் தரை துடைக்கும் மெஷினோடு ஒரு அம்மா வந்தார். என் முகத்தைப் பார்த்தார், மெஷினை நிறுத்தினார், ஒன்றும் கேட்காமல் போய்விட்டார். மறுநாளிலிருந்து கூடத்தின் அடுத்த கோடியில் வேலையைத் தொடங்கி என் மூலையைக் கடைசிக்கு வைத்துக்கொண்டார். அவருக்கு எவ்வளவு நடை கூடியிருக்கும்! யாரும் சொல்லி அவர் அதைச் செய்யவில்லை.

ஆறாம் நாள் செய்தி மோசமாக இருந்தது. போனை வைத்துவிட்டு அப்படியே உட்கார்ந்திருந்தேன். அவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, என்னைப் பற்றி எதுவும் கேட்காமல், தன் பாட்டியைப் பற்றிச் சொன்னார். இந்தக் கட்டடம் எழும்பிய காலத்தில் ஏறக்குறைய 97,000 பள்ளிப் பிள்ளைகள் ஆளுக்கு 10 சென்ட் கொடுத்தார்களாம், ஒரு செங்கல்லுக்கு. அதில் அவர் பாட்டியும் ஒருத்தி. "எது பாட்டி செங்கல் என்று தெரியாது, அதனால் எல்லாவற்றையும் அவளுடையது என்றே நினைத்துத் துடைக்கிறேன்" என்றார். அப்புறம், "நீ எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் இரு" என்று சொல்லிவிட்டு எழுந்து போனார்.

அவ்வளவுதான். அன்று இரவுதான் நான் கொஞ்சம் தூங்கினேன்.

இனி அந்தக் கூடத்தில் யாராவது போனோடு தனியாக உட்கார்ந்திருந்தால் நான் பார்க்காததுபோல் கடந்து போகமாட்டேன். அப்பாவுக்குப் பயணம் செய்யத் தெம்பு வந்ததும் முதலில் இந்த அம்மாவிடம்தான் அழைத்துப் போவேன்.

நேற்று இரவே போய் விஷயத்தைச் சொன்னேன். ஓடிக்கொண்டிருந்த மெஷினை மறுபடியும் நிறுத்தினார். இந்த முறை கட்டிக்கொள்ள.