மஞ்சாடி போட்டவர்களுக்கும் போடாமல் வைத்துக்கொண்டவர்களுக்கும் நன்றி

அன்புள்ள ஊர்க்காரர்களுக்கும், பக்கத்து ஊர்களிலிருந்து வந்தவர்களுக்கும், கடற்கரையிலிருந்து வேன் பிடித்து வந்தவர்களுக்கும் வணக்கம்.

நாடக விழா முடிந்து பந்தலைப் பிரித்தாயிற்று. இரவல் வாங்கிய நாற்காலிகளைத் துடைத்து உரிய இடத்தில் அடுக்கியாயிற்று. எங்கள் நூலகத்தின் சார்பில் இந்த நன்றி மடலை எழுத உட்கார்ந்திருக்கிறேன். நன்றி சொல்ல வேண்டியவர்கள் பட்டியல் நீளம். முதல் நன்றி யாருக்கு என்பதில் மட்டும் எனக்குக் குழப்பமே இல்லை. பரிசு அறிவித்த பிறகும் எழுந்து போகாமல், "அது எப்படி அந்த நாடகத்துக்கு முதல் பரிசு?" என்று மேடைக்கு முன்னால் வந்து நின்று கேட்டீர்களே, உங்களுக்குத்தான்.

கன்னியாகுமரி மாவட்டத்தில், கருங்கல் பக்கத்து எங்கள் சின்ன ஊரில் பரிசளிப்பு என்றால் எப்படி இருக்கும் என்று எல்லாருக்கும் தெரியும். கடைசி நாடகம் முடிந்ததும் பாயைச் சுருட்டுவார்கள். பிள்ளைக்குப் பரிசு உண்டு என்று தெரிந்த வீட்டார் மட்டும் போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு முன்னால் நிற்பார்கள். பெயர் வாசிக்கிறவர் காலி நாற்காலிகளைப் பார்த்து வாசித்துக்கொண்டிருப்பார். இந்த முறை கடைசி பஸ் போய்விட்டது தெரிந்தும் கூட்டம் கலையவில்லை. விடியும் முன்னே ரப்பர் பால் வெட்டப் போக வேண்டியவர்கள்கூட இருந்தார்கள். நாடகம் பார்க்க வந்தவர்கள் முடிவையும் தங்கள் காரியமாக எடுத்துக்கொண்ட ராத்திரி அது.

நடந்ததை வராதவர்களுக்காகக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். ஏழு குழுக்கள் வந்திருந்தன. அவற்றில் இரண்டைப் பற்றித்தான் ஊர் இன்னும் பேசிக்கொண்டிருக்கிறது. ஒன்று, கடற்கரை இளைஞர்கள் ஓகிப் புயலை வைத்துப் போட்ட நாடகம். 2017 நவம்பர் 30ஆம் தேதி இந்த மாவட்டத்தில் இருந்தவர் யாருக்கும் அந்தப் பெயரை விளக்க வேண்டியதில்லை. தூத்தூர், சின்னத்துறை, வள்ளவிளை, நீரோடி என்று அந்தக் கரை முழுக்க வீட்டுக்கு வீடு காத்திருந்த நாட்கள் அவை. பல நாள் தங்கி ஆழ்கடலில் தொழில் செய்கிறவர்களுக்கு எச்சரிக்கை போய்ச் சேரவேயில்லை. அந்தக் காத்திருப்பைத்தான் அவர்கள் மேடையில் வைத்தார்கள். புயல் கிடையாது, அலை கிடையாது. ஒரு வீட்டுத் திண்ணை, ஒரு ரேடியோ, நான்கு பெண்கள், அவ்வளவுதான். பின்னால் கட்டிய வெள்ளை வேட்டியில் வள்ளங்களின் நிழல் மட்டும் வந்து வந்து போகும்.

இன்னொன்று, முந்திரி ஆலையில் வேலை பார்க்கும் பெண்கள் தாங்களே எழுதி நடித்தது. இவர்களில் ஒருவர்கூட அதற்கு முன் மேடை ஏறியதில்லை. வரிசையாக உட்கார்ந்து கொட்டை உடைக்கிறார்கள். அந்த டக் டக் சத்தம்தான் நாடகம் முழுக்கத் தாளம். கோபம் வரும்போது வேகமாகிறது, ஒருத்தி கல்யாணப் பேச்சைச் சொல்லும்போது மெதுவாகிறது. மாப்பிள்ளை வீட்டார் வருகிற காட்சியில் பெண் இரண்டு கைகளையும் முந்தானைக்குள் மறைத்துக்கொண்டு நிற்பாள். கொட்டைத் தோட்டின் எண்ணெய் பட்டுக் கறுத்துப்போன உள்ளங்கை. சாம்பல் பூசினாலும் எண்ணெய் தடவினாலும் அந்தக் கறை சுலபத்தில் போகாது. காப்பித் தம்ளரை நீட்ட வேண்டும். எப்படி நீட்டுவது? அங்கே டக் டக் நின்றது. அந்த அமைதியில் பெண்கள் பக்கத்திலிருந்து ஒரு பெருமூச்சு எழுந்தது, மைக் இல்லாமலே எல்லாருக்கும் கேட்டது.

முதல் பரிசு முந்திரி நாடகத்துக்கு என்று அறிவித்தபோது முதலில் யாருமே கைதட்டவில்லை. அப்புறம் பெண்கள் பக்கம் தட்டல் கிளம்பிப் பெரிதானது. அந்தச் சத்தத்துக்கு நடுவில், பாய் விரித்து உட்கார்ந்திருந்த கடற்கரைக்காரர்களிடமிருந்து ஒரு குரல்: "அப்போ ஓகி?"

அந்தக் குரலுக்கு நன்றி. ஏனென்றால் அதற்கு நடுவர்கள் மூன்று பேரும் பதில் சொன்னார்கள். மாலையையும் பொன்னாடையையும் வாங்கிக்கொண்டு கார் ஏறிப் போயிருக்கலாம். போகவில்லை. மைக்கைக் கையில் வாங்கி, ஓகி நாடகத்தின் முதல் பாதிக்கு ஈடாக அன்றைக்கு எதுவுமே இல்லை என்று சொன்னார்கள். கடைசிப் பகுதியில் ஒவ்வொருவராக முன்னால் வந்து பேசியது, திண்ணையும் ரேடியோவும் ஏற்கெனவே சொல்லிவிட்டதைத்தான் திரும்பச் சொன்னது, முந்திரி நாடகம் கடைசி வரை பார்ப்பவரை நம்பியது என்றார்கள். கூட்டம் ஒத்துக்கொள்ளவில்லை. "அந்தப் பேச்சு எங்களுக்கு வேணும், எங்க மனசில கிடந்ததை யாராவது மைக்கில சொல்லணும்" என்று ஒரு அண்ணன் எழுந்து சொன்னார். எனக்கு அவர் பக்கமும் நியாயம் தெரிகிறது. நடுவர்கள் சொன்னது கலைக்கான நியாயம், அவர் கேட்டது தன் கரைக்கான நியாயம். இரண்டும் ஒரே பந்தலுக்குள் நேருக்கு நேர் பேசிக்கொண்டதை என் வயதில் நான் முதல் முறையாகப் பார்த்தேன்.

நடுவர்களில் மூத்தவர் அப்போது ஒரு விஷயம் சொன்னார். பழைய ஏதென்ஸ் நகரத்தில் நாடகம் என்றாலே போட்டிதானாம். பத்து நடுவர்கள் முடிவெழுதிக் குடத்தில் போடுவார்கள், அதிலிருந்து ஐந்தை மட்டும் எடுத்துப் பார்ப்பார்கள். கி.மு. 431இல் யூரிப்பிடிஸ் தன் மீடியா நாடகத்தோடு போட்டிக்கு வந்தார். முதல் பரிசு எஸ்கிலசின் மகன் யூஃபோரியனுக்கு, இரண்டாவது சோஃபக்ளிசுக்கு. மூன்று பேர் போட்டியில் யூரிப்பிடிசுக்கு மூன்றாம் இடம். இன்றைக்கும் உலகம் முழுக்க மேடையேறுவது மீடியாதான், யூஃபோரியன் அன்று போட்ட நாடகம் கிடைக்கவேயில்லை. "எங்க முடிவு இன்னைக்கு ராத்திரிக்குள்ள முடிவு. நாளைக்கு எந்த நாடகம் நிக்கும்னு நீங்கதான் சொல்லப் போறீங்க" என்று முடித்தார். அதற்கு விழுந்த கைதட்டல் நீண்ட நேரம் ஓயவில்லை, தட்டியவர்களில் "அப்போ ஓகி?" என்று கேட்டவரும் இருந்தார்.

நடிப்புக்கான பரிசிலும் வாக்குவாதம். ஓகி நாடகத்தில் வயதான அம்மாவாக வந்த கல்லூரி மாணவிக்குப் பரிசு. "நாலு வசனம் பேசினதுக்காக்கும் பரிசு?" என்று பின்வரிசையிலிருந்து ஒரு பாட்டா சத்தமாகவே கேட்டார். மற்றவர்கள் பேசும்போதெல்லாம் அவள் கை வலை முடைந்துகொண்டிருந்ததை நடுவர் நினைவுபடுத்தினார். ரேடியோவில் செய்தி வந்ததும் மற்ற மூன்று பேரும் கதறினார்கள். அவள் கதறவில்லை, தான் முடிந்த முடிச்சையே திரும்ப அவிழ்க்க ஆரம்பித்தாள். பாட்டா கொஞ்ச நேரம் யோசித்தார். "அது நான் பாக்கல்லியே. திரும்பப் போடுங்க, முன்னால உக்காந்து பாக்கேன்" என்றார். பாட்டா, உங்களுக்குத் தனியாக நன்றி. அந்த மாணவிக்கு நாங்கள் கொடுத்த பரிசைவிட நீங்கள் கேட்ட அந்த மறு ஆட்டம் பெரியது. பழைய நாடகக் கொட்டகைகளில் ஒன்ஸ்மோர் என்று கத்தி ஒரே பாட்டைத் திரும்பத் திரும்பப் பாட வைப்பார்கள். கிட்டப்பாவுக்கும் சுந்தராம்பாளுக்கும் அப்படிக் கூட்டம் கத்தியதை எங்கள் வீட்டுப் பெரியவர்கள் கதையாகச் சொல்வார்கள். வசனமே இல்லாத ஒரு கைவேலைக்கு ஒன்ஸ்மோர் கேட்டது நீங்கள்தான்.

அடுத்து மஞ்சாடி. பார்வையாளர் பரிசுக்குச் சீட்டுக்குப் பதில் மஞ்சாடி விதை கொடுக்கலாம் என்று சொன்னது எங்கள் பள்ளிப் பிள்ளைகள். மரத்தடியில் பொறுக்கி, கழுவிக் காயவைத்து, வாசலில் ஆளுக்கு ஒன்று எண்ணிக் கொடுத்தார்கள். மேடையோரம் ஏழு மண்சட்டிகள், பிடித்த நாடகத்தின் சட்டியில் போட வேண்டும். மக்ளே, உங்கள் எல்லாருக்கும் நன்றி. எண்ணும்போது ஓகி சட்டி நிறைந்து கிடந்தது, பார்வையாளர் பரிசு அவர்களுக்கே. ஆனால் கொடுத்த விதைகளில் கொஞ்சம் எந்தச் சட்டியிலும் இல்லை. கடற்கரையிலிருந்து வந்த ஒரு அம்மா வேனில் ஏறும் முன் என்னைக் கூப்பிட்டு, சேலைத் தலைப்பில் முடிந்து வைத்திருந்த விதையைக் காட்டினார். "இதுக்கு நான் மார்க்கு போடல்ல மக்ளே. அது எனக்க வீடு" என்றார். நான் ஒன்றும் சொல்லவில்லை. அம்மா, உங்களைப்போல விதையைப் போடாமல் எடுத்துப்போன எல்லாருக்கும் இந்த மடல் வழியாக நன்றி சொல்கிறேன். அதையும் ஒரு தீர்ப்பாகவே நாங்கள் எடுத்துக்கொண்டோம். நூலகப் பதிவேட்டில் அப்படியே எழுதி வைத்திருக்கிறோம்.

சரி, மற்றவர்களுக்கு வருகிறேன்.

நிழல் விழுத்தக் கற்றுக்கொடுத்த தோல்பாவைக்கூத்துக் கலைஞருக்கு நன்றி. வெளிச்சத்தை எவ்வளவு தள்ளி வைத்தால் வள்ளம் எவ்வளவு பெரிதாகும், உருவத்தைத் துணியோடு ஒட்டிப் பிடித்தால் விளிம்பு எப்படிக் கூர்மையாகும் என்று ஓகி குழுப் பையன்களுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக்கொடுத்தவர் அவர். அவருடைய சொந்தக் கூத்துக்கு இப்போது ஊர்களில் முன்போல் அழைப்பு இல்லை. இந்தக் கலையைப் பரம்பரையாகச் செய்து வந்த குடும்பங்கள் நம் மாவட்டத்திலேயே இருக்கின்றன. விழாக் கமிட்டிக்காரர்கள் இதைப் படித்தால், ஒரு ராத்திரியாவது அவர்களுக்குக் கொடுங்கள்.

பரிசுகளைச் செய்து தந்த ஆசாரிக்கு நன்றி. கடையில் வாங்கும் ஷீல்டு வேண்டாம் என்றதும், பழைய வீடு இடித்தபோது வந்த பலாப் பலகையில் சின்னச் சின்ன முகங்களாகச் செதுக்கித் தந்தார். ஒரு முகம்போல இன்னொன்று இல்லை. மரத்துக்குக் காசு வாங்கினார், கூலிக்கு வாங்கவில்லை.

மைக் செட் தம்பிக்கு நன்றி. முந்திரி நாடகத்தின் டக் டக் சத்தத்துக்காகத் தரையோடு தாழ்த்தி ஒரு மைக் வைத்தது அவருடைய யோசனை. கட்டன் சாயாவும் மரச்சீனிக்கிழங்கும் மீன்கறியும் தந்த அக்காவுக்கும், நள்ளிரவு தாண்டியும் காத்திருந்து, வயதானவர்களை வீட்டு வாசலில் இறக்கிவிட்ட ஆட்டோ அண்ணன்மாருக்கும் நன்றி. இடம் தந்த பள்ளிக்கும், நாற்காலி தந்த தேவாலயத்துக்கும், பாத்திரம் தந்த கோயில் கமிட்டிக்கும் நன்றி.

மற்ற ஐந்து குழுக்களுக்கும் சொல்ல வேண்டும். பரிசு வாங்காதவர்கள் முகம் வாடிப் போனதைப் பார்த்தேன், வாடத்தான் செய்யும். வளைகுடாவுக்குப் போன மகனும் ரப்பர் தோட்டத்து அப்பாவும் போனிலேயே சண்டை போடும் நாடகத்துக்குக் கூட்டம் சிரித்த சிரிப்பை நீங்கள் உள்ளே மேக்கப் கலைத்துக்கொண்டிருந்ததால் முழுதாகக் கேட்டிருக்க மாட்டீர்கள். நான் வாசலில் நின்று கேட்டேன். வீட்டுக்குப் போகும்போதும் உங்கள் வசனத்தைச் சொல்லிக்கொண்டே போனார்கள். கலைவாணர் என்.எஸ். கிருஷ்ணன் 1908இல் பிறந்தது நம் நாகர்கோவில் ஒழுகினசேரியில். வில்லுப்பாட்டில் தொடங்கி, டி.கே.எஸ். சகோதரர்களின் நாடகக் குழுவுக்குப் போய், அங்கிருந்து சினிமாவுக்குப் போனவர். சிரிக்க வைத்தே சொல்ல வேண்டியதைச் சொன்ன அந்த வழி இந்த மண்ணில் பிறந்த வழி. அதில்தான் நீங்கள் நிற்கிறீர்கள். அடுத்த விழாவுக்கும் கட்டாயம் வர வேண்டும்.

பணம் தந்தவர்களின் பெயர்களையும் வரவு செலவுக் கணக்கையும் நூலகப் பலகையில் ஒட்டியிருக்கிறோம். யார் வேண்டுமானாலும் வந்து பார்க்கலாம், கேட்கலாம்.

கடைசியாக ஒரு செய்தி. முந்திரி நாடகத்தைத் தங்கள் ஊரில் போட வேண்டும் என்று ஓகி குழுவினரே அழைத்திருக்கிறார்கள். பெண்களும் சரி என்று சொல்லிவிட்டார்கள். அதே ராத்திரி ஓகி நாடகமும் உண்டு. கடைசிப் பேச்சை வைப்பதா எடுப்பதா என்று குழுவுக்குள்ளேயே இன்னும் முடிவாகவில்லை, இரண்டு விதமாகவும் ஒத்திகை பார்க்கிறார்கள். நாள் முடிவானதும் நூலக வாசலில் எழுதிப் போடுகிறோம். நம் ஊரிலிருந்து வேன் போகும், வாடகையை நூலகம் பார்த்துக்கொள்ளும். கடற்கரை மணலில்தான் உட்கார வேண்டியிருக்கும், பாய் எடுத்துக்கொள்ளுங்கள். பாட்டாவுக்கு முன்வரிசையில் இடம் சொல்லி வைத்தாயிற்று.

அன்புடன்,
நூலக நாடகக் குழுவுக்காக