ஜெர்மன் ஷெப்பர்டுக்குச் சங்கிலி வேண்டாம்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சென்ற ஞாயிறு இணைப்பில் வீட்டுக்கேற்ற நாய்களைப் பற்றிய கட்டுரை படித்தேன். ஜெர்மன் ஷெப்பர்டைப் பற்றி, பகலில் கட்டிப்போட்டு இரவில் அவிழ்த்துவிட்டால் நல்ல காவல் என்று ஒரே வரியில் முடித்துவிட்டார்கள். இந்த நம்பிக்கையில்தான் எங்கள் பக்கத்தில் எத்தனையோ வீடுகளில் இந்த நாய் சங்கிலியில் கிடந்து குரைத்துக்கொண்டிருக்கிறது.

இது ஆட்டு மந்தைக்கு உரிய நாய். மேக்ஸ் வான் ஸ்டெஃபனிட்ஸ் என்ற ஜெர்மானியக் குதிரைப்படை அதிகாரி 1899-இல் ஹோரண்ட் என்ற மேய்ச்சல் நாயை வைத்து இந்த இனத்தை முறைப்படுத்தினார். போலீஸ் வேலை, ராணுவ வேலை எல்லாம் பிறகு வந்தவை. வேலியில்லாத வயல்களுக்கு நடுவே ஆடு மேயும்போது, பயிரின் ஓரத்திலேயே நாள் முழுக்க இப்படியும் அப்படியும் நடந்து, ஓர் ஆடும் எல்லை தாண்டாமல் பார்த்துக்கொள்வதே அங்கே அதன் வேலை. தஞ்சாவூர், திருவாரூர்க்காரர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். சம்பா அறுவடை முடிந்ததும் ராமநாதபுரம், சிவகங்கைப் பக்கமிருந்து கிடை ஆடு ஓட்டி வரும் கீதாரிகள், அடுத்த வயல் உளுந்தில் ஆடு வாய் வைத்துவிடாமல் கையில் கம்போடு வரப்பில் நிற்கிறார்களே, அதே வேலைதான்.

எங்கள் வீட்டு ஜெர்மன் ஷெப்பர்டு மணி ஆட்டு மந்தையைக் கண்டவனில்லை. ஆனாலும் கொல்லை வேலியோரம் அவன் நடந்து நடந்து, புல் முளைக்காத ஒற்றையடித் தடமே விழுந்திருக்கிறது. பொங்கலுக்கு வரும் பேரப்பிள்ளைகள் கத்திக்கொண்டு ஓடினால் சுற்றிச் சுற்றி வந்து ஒரே இடத்தில் சேர்க்கப் பார்ப்பான். பின்தங்கிய பிள்ளையின் குதிகாலை மூக்கால் முட்டுவான், சில நேரம் பாவாடை நுனியைக் கவ்வுவான். காது விறைத்திருக்கும், உறுமல் இருக்காது. பிள்ளைகள் ஒன்றாக நின்றுவிட்டால் அவனும் படுத்துவிடுவான். இதைத்தான் வெறி என்கிறார்கள். எங்கள் தெருவில் ஒரு வீட்டில் இதே காரணம் சொல்லி நாயைத் தொலைவில் கொண்டுபோய் விட்டுவிட்டு வந்தார்கள். எனக்கு இன்னும் மனசு ஆறவில்லை.

பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டியது சுலபம்: ஓடாதே, அப்படியே நில். பெரியவர்கள் யாராவது நாயைக் கூப்பிட்டுக்கொள்ள வேண்டும். சின்னக் குழந்தையோடு எந்த நாயையும் தனியே விடக்கூடாது. பல் பட்டுத் தோல் கீறினாலும் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவி, உடனே ஆஸ்பத்திரிக்குப் போய்விட வேண்டும்.

இந்த இனத்துக்கு வேலை கொடுக்க வேண்டும். நாய்க்கு நம்மைப் போல வியர்த்துக் கொட்டாது, மூச்சிரைத்துத்தான் சூட்டைத் தணித்துக்கொள்ளும். காற்றில் ஈரம் மிகுந்த நம் ஊர்ப் புழுக்கத்தில் அதுவும் சரியாக நடக்காது. அதனால் வெயில் ஏறுமுன் நடை, பகலில் நிழலில் மூளைக்கு வேலை: ஒளித்து வைத்த பந்தைத் தேடுவது, பேர் சொன்ன பொருளை எடுத்து வருவது. அமெரிக்காவில் சேஸர் என்ற பார்டர் கோலி இன நாய் ஆயிரத்துக்கும் மேற்பட்ட பொம்மைகளைப் பேர் சொன்னால் எடுத்து வந்ததாக 2011-இல் ஆய்வு வெளியானது. அதுவும் மேய்ச்சல் நாய்தான். இப்படிப்பட்ட பிராணியைத் தூணில் கட்டினால் குரைக்காமல் என்ன செய்யும்? காவலுக்கும் அது உதவாது. வீட்டு மனிதர்களோடு புழங்கும் நாய்க்குத்தான் யார் நம்மவர், யார் அந்நியர் என்பது தெரியும்.

சித்திரை வெயிலென்று முடியை ஒட்ட மழிக்கிறார்கள். இரண்டு அடுக்கு முடிதான் அதன் தோலை வெயிலிலிருந்து காக்கிறது. சீப்பால் வாரி உதிர்ந்த முடியை எடுத்தாலே போதும்.

இதைவிட ஆபத்தானது ஒன்றுண்டு. உண்ணி விழ வேண்டுமென்று ஆடு மாட்டுக்குப் போடும் ஐவர்மெக்டின் ஊசியைத் தாங்களாகவே நாய்க்கும் போடுகிறார்கள். கோலி வகை நாய்களில் பலவற்றுக்கும், ஜெர்மன் ஷெப்பர்டில் சிலவற்றுக்கும் எம்.டி.ஆர்.1 என்ற மரபணுக் குறை உண்டு. அவற்றுக்கு இந்த மருந்து மூளைக்குள் தங்கிவிடும். நடுக்கம், கண் தெரியாமல் போவது, சுயநினைவு இழப்பு, கடைசியில் உயிரே போகலாம். டாக்டரைக் கேட்காமல் ஒரு சொட்டுகூடக் கூடாது.

நம் ஒரத்தநாட்டிலேயே கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது. அங்குள்ள மருத்துவர் ஒருவரைக் கொண்டு டெல்டா வீடுகளில் இந்த இனத்தை வளர்ப்பது பற்றி ஒரு முழுப்பக்கம் எழுதி வெளியிடுங்கள். கோடை விடுமுறைக்கு முன்பே வந்தால் நல்லது. பிள்ளைகள் கேட்டார்கள் என்று குட்டி வாங்குவது அப்போதுதான்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்,
நீடாமங்கலம்.