தபசு மரத்துக் கயிறு: பாரதக் குழுவினருக்கு ஒரு திறந்த மடல்

நம்ம ஊர் திரௌபதி அம்மன் கோவில் பாரதக் குழுப் பெரியவர்களுக்கு வணக்கம்.

திருவிழா வரி பேசிய கூட்டத்தில் உங்களில் ஒருவர் மைக்கைப் பிடித்து, "சாமி இல்லேங்கறவனுக்குக் கூத்துல என்ன ருசி இருக்கும்? அவனுக்குச் சோறும் மண்ணும் ஒண்ணுதான்" என்றார். பெயர் சொல்லவில்லை. ஆனாலும் வேப்பமரத்தடியில் இருந்தவர்கள் அத்தனை பேரும் என்னைத்தான் திரும்பிப் பார்த்தார்கள். அப்புறம் அர்ச்சுனன் தபசுக்கு, அதாவது அர்ச்சுனன் வேஷக்காரர் உயரமான தபசு மரத்தில் ஏறித் தவம் செய்யும் கூத்துக்கு, மரத்துக் கயிறு பிடிக்கிறவர்கள் பட்டியலில் என் பெயரை அடித்துவிட்டதாகச் சேதி வந்தது.

நான் கும்பிடுவதில்லை, உண்மைதான். கோபத்தில் விட்டதில்லை. நம்ம அரூர்ப் பக்கம் போர்வெல் தண்ணீர் இறங்குமே, அந்த மாதிரி. என்றைக்கு வற்றியது என்று எனக்கே தெரியாது.

ஆனால் ருசி? கூத்தில் ஊதும் முகவீணைச் சத்தம் கேட்டால் இன்றைக்கும் எனக்குச் சோறு இறங்காது, ஓடிவந்துவிடுவேன். கூத்துக் கோமாளி கட்டியக்காரன் ராஜாவையும் விடுவதில்லை, சாமியையும் விடுவதில்லை. அவன் கிண்டலுக்கு நீங்கள் எல்லோரும்தான் சிரிக்கிறீர்கள். அவன் பெயரை யாரும் அடித்ததில்லை. தபசு மரத்து உச்சியிலிருந்து எலுமிச்சம்பழம் விழும்போது, பிள்ளை வரம் கேட்டுப் பெண்கள் மடியேந்தி நிற்பார்கள். பழத்தால் பிள்ளை பிறக்கும் என்று நான் நம்பவில்லை. ஆனாலும் அது யார் மடியிலும் விழாமல் மண்ணில் உருண்டால் எனக்கு மனசு கேட்பதில்லை. தீர்த்தமலை ஏறி ராமர் தீர்த்தத்தில் தலையை நீட்டினால் அம்மாவுக்கும் எனக்கும் ஒரே குளிர்தான்.

நான் இழந்ததும் உண்டு, மறைக்கவில்லை. என் மகனுக்குக் காய்ச்சல் கொதித்த இரவில் அம்மா மஞ்சள் துணியில் ஒரு ரூபாயை முடிந்து வைத்துவிட்டுத் தூங்கிப்போனார். நான் விடிய விடிய தெர்மாமீட்டரைப் பார்த்துக்கொண்டு கிடந்தேன். அந்தத் தூக்கத்தின் மேல் எனக்குப் பொறாமைதான். அதே நம்பிக்கை என் அக்காவை என்ன செய்தது என்பதையும் சொல்ல வேண்டும். தீமிதிக்கு நேர்ந்துகொண்டு, அன்றைக்குப் பார்த்துத் தூரமாகி, மிதிக்க முடியாமல் போனது. அப்புறம் மூன்று வருஷம் மாடு கன்று போட்டுச் செத்தாலும் அதனால்தான், மாமா வண்டியிலிருந்து விழுந்தாலும் அதனால்தான். திருவிழா வந்தாலே அவள் முகம் சுருங்கிவிடும். ருசியை யார் தொலைத்தது, சொல்லுங்கள்.

அரசியல் சட்டம் 25ஆவது பிரிவில் மனச்சாட்சிச் சுதந்திரம் தந்திருக்கிறது. ஊர் வரி நோட்டுக்கு முன்னால் சட்டம் பேசினால் எடுபடாது, தெரியும். அதனால் பேசவில்லை.

வரியை மாமா கையில் கொடுத்தனுப்பியிருக்கிறேன். கயிறு பிடித்துப் பிடித்து என் கை காய்த்திருக்கிறது. புதுப் பையன்களுக்கு அந்தப் பிடி இன்னும் வரவில்லை. மரத்தின் மேலே ஏறுகிறவர் வயசானவர். தபசு அன்றைக்கு வருவதாக இருக்கிறேன். வேண்டாம் என்றால் முன்னாடியே சொல்லிவிடுங்கள், கம்பெனியில் லீவு கேட்காமல் இருந்துவிடுவேன்.

இப்படிக்கு,
உங்கள் ஊர்க்காரன்